யானையைக் கழற்றிச் செய்த ஓணான்

ஆகஸ்ட் 3

அக்காவுக்கு,

போன்ல சொன்னா நீ பாதியிலேயே கத்த ஆரம்பிப்பே. நானும் கத்துவேன். அம்மா வந்து போனைப் பிடுங்கி வெச்சிடுவாங்க. போன வாரம் அப்படித்தான் ஆச்சு. கடிதத்துல யாரும் குறுக்கே பேச முடியாது, அதனால எழுதறேன். முழுசா படிச்சப்புறம் கோபப்படு.

உன் யானையைக் கழற்றிட்டோம்.

இப்போ கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டு மேல படி.

இந்த வருஷ ரோபோ போட்டிக்கு விதிமுறை வந்துடுச்சு. எதிரெதிரா ரெண்டு டீம், ஆளுக்கு ஒரு மெஷின். தரையில கிடக்கிற ரப்பர் பந்தைப் பொறுக்கி அவங்கவங்க கூடையில போடணும். அதெல்லாம் பழசுதான். ஆட்டம் முடியற நேரத்துல மைதானத்துக்கு நடுவுல ரெண்டு தூண் மேல குறுக்கே இருக்கிற இரும்புக் கம்பியைப் பிடிச்சு மெஷின் தொங்கணும், சக்கரம் தரையில படக்கூடாது. இதுதான் புதுசு. தொங்கற மெஷினுக்கு அள்ளிக் கொடுக்கிறாங்க பாயிண்ட். நீ பழைய போட்டிக்குச் செஞ்ச யானை பெரிய யானைதான், நான் இல்லைன்னு சொல்லல. ஆனா அது கம்பியைப் பிடிச்சா யானை மேல போகாது, கம்பிதான் கீழ வரும்.

பிசிக்ஸ் டீச்சர், "கழற்றறதுக்கு முன்னாடி அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடு"ன்னு சொன்னாங்க. நானும் தலையாட்டினேன். தலையாட்டிட்டு ஸ்பேனரை எடுத்தேன்.

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்னுன்னு சொல்வாங்களே, நிஜம்தான். மோட்டார், பேட்டரி, சக்கரம் எல்லாத்தையும் புது மெஷினுக்கு எடுத்துக்கிட்டோம். இது ஒல்லி. நீளமா ஒரு கை. ஸ்டார்ட் பண்ணினதும் தலையைத் தலையை ஆட்டுது. பேரு ஓணான்.

டீம்ல நாங்க மூணு பேர். நான் கேப்டன். மெஷினை ஓட்டறவன் பேரு ப்ரேக். எதுக்கும் ப்ரேக் போடமாட்டான், அதனால. ப்ரோகிராம் எழுதறவ முணுமுணு. கம்ப்யூட்டரோட சண்டை போட்டுக்கிட்டேதான் எழுதுவா. பேச்சை விட முணுமுணுப்புதான் ஜாஸ்தி.

எழுதிட்டேன். இனி உன் பாடு.

வாலு


ஆகஸ்ட் 12

வாலுக்கு,

தண்ணீர் குடித்தேன். பயனில்லை.

அந்த யானையின் முன்சக்கரத்தை நேராக நிற்க வைக்க நான் ஒரு விடுமுறை முழுவதும் செலவழித்தேன். அதன் முதுகுத் தகடுக்காக அப்பா தன் கடைப் பலகையையே கழற்றிக் கொடுத்தார். அதை நீ ஒரு ஸ்பேனரால் முடித்துவிட்டு, பழமொழி வேறு சொல்கிறாய்.

விதிமுறையைப் படித்தேன். ஒருமுறை அல்ல, மூன்று முறை. எங்காவது நீ சொன்னது தவறாக இருக்காதா என்று பார்த்தேன். இல்லை. யானையால் தொங்க முடியாது. நீ செய்தது சரி. ஆனால் செய்த விதம் சரியில்லை. கேட்டிருந்தால் நானே கழற்றச் சொல்லியிருப்பேன், இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. அந்த இரண்டு நாளைக்கூட நீ எனக்குத் தரவில்லை.

இங்கே எல்லாம் நலம். பட்டறை வகுப்பில் இரும்புக் கம்பியை உரசி உரசிச் சதுரமாக்கச் சொல்கிறார்கள். என்னுடையது ஐந்து மூலைகளோடு இருக்கிறது. ஹாஸ்டல் அறைத் தோழி தூக்கத்தில் கணக்குப் போடுகிறாள், விடைகளும் சரியாக இருக்கின்றன.

வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டிருக்கிறாய். குடையட்டும்.

அக்கா


செப்டம்பர் 5

அக்காவுக்கு,

குடையுது.

தொங்கறதுக்கு ஸ்கூல்ல கம்பி இல்லை. வீட்டுல துணி காயப்போடற கம்பியில ஓணானை ஏத்திப் பார்த்தோம். அழகா ஏறிச்சு. தலையை ஆட்டிச்சு. அப்புறம் அம்மாவோட நர்ஸ் யூனிஃபார்ம் ரெண்டையும் இழுத்துக்கிட்டு பக்கத்து வீட்டுப் பூந்தொட்டியில விழுந்துச்சு. அம்மா ரெண்டையும் என் கையில கொடுத்து சோப்பை மேல வெச்சாங்க.

பிரச்சினை இதுதான். கொக்கி கம்பியைப் பிடிக்குது, உடம்பு மேல வந்ததும் வழுக்குது. கொக்கியை அழுத்தமா மூடற மாதிரி செஞ்சா மோட்டார் சூடாகி நின்னுடுது. ப்ரேக், "வேகமா போய் குதிச்சா மாட்டிக்கும்"னு சொல்றான். அவன் எல்லாத்துக்கும் அதையேதான் சொல்லுவான். முணுமுணு மூணு நாளா யார்கிட்டயும் பேசல, கம்ப்யூட்டர்கிட்டகூட.

கேக்காம கழற்றினதுக்கு ஸாரி. இதை நான் கொக்கிக்காக எழுதல. ஆனா கொக்கிக்கு ஏதாவது தோணினா எழுது.

வாலு


செப்டம்பர் 13

வாலுக்கு,

உன் ஸாரியைத் தனியாக எடுத்து வைத்துவிட்டேன். கொக்கிக்கு வருகிறேன்.

நீ கொக்கியை இறுக்கப் பார்க்கிறாய். வழுவழுப்பான கம்பியை எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கும். சைக்கிள் டியூபை வெட்டிக் கொக்கியின் உள்பக்கம் சுற்றிக் கட்டு. ரப்பர் பிடித்துக்கொள்ளும், மோட்டார் மூச்சு விடும். ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னும் புது ரப்பர் போடு. தேய்ந்த ரப்பர் சோப்பு மாதிரி.

இன்னொரு செய்தி. போட்டிக்கு நடுவர்கள் போதவில்லையாம். பழைய போட்டியாளர்களைக் கூப்பிடுகிறார்கள். பெயர் கொடுத்தேன், எடுத்துக்கொண்டார்கள். இரண்டு நாள் பயிற்சி. விசில் ஊதவும் சிவப்புக் கொடி தூக்கவும் கற்றுக் கொடுத்தார்கள். விசில் ஊதத் தனியாகப் பயிற்சி எதற்கு என்று நினைத்தேன். முதல் முறை ஊதியபோது காற்று மட்டும்தான் வந்தது.

அக்கா


செப்டம்பர் 20

அக்காவுக்கு,

தொங்குது! டீச்சர் தன் கைப்பையையும் அது மேல மாட்டிப் பார்த்தாங்க. அப்பவும் தொங்குது.

நீ நடுவர்னு டீம்ல சொன்னேன். ப்ரேக் அந்த இடத்துலயே ஆடினான். "இனி நமக்கு என்ன கவலை"ன்னு சொன்னான். நான் அப்படி நினைக்கல. கொஞ்சம்தான் நினைச்சேன்.

வாலு


செப்டம்பர் 28

வாலுக்கு,

அந்தக் கொஞ்சத்தையும் விட்டுவிடு. தலைமை நடுவரிடம் என் தங்கை விளையாடுகிறாள் என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். என்னை இரண்டாம் மைதானத்தில் போட்டிருக்கிறார்கள். உங்கள் ஆட்டமெல்லாம் முதல் மைதானத்தில். அங்கே பார்த்தால் கையாட்டாதே. நானும் ஆட்ட மாட்டேன். தலையை மட்டும் ஓணான் மாதிரி ஒருமுறை அசைப்பேன், புரிந்துகொள்.

அக்கா


அக்டோபர் 21

அக்காவுக்கு,

போட்டி நடந்த மண்டபத்துல உன்கிட்ட பேசாம வந்துட்டேன். வேணும்னுதான் வந்தேன். அப்பா பின்னாடியே ஓடி வந்து, "ரெண்டு பேரும் ஒரே வயித்துல பிறந்தவங்களா"ன்னு கேட்டார். நான் நடையைக் கட்டினேன்.

நடந்ததை நான் பார்த்தபடி எழுதறேன். காலிறுதி வரைக்கும் ஓணான் தோற்கவே இல்லை. அரையிறுதியில நீலச்சட்டை டீம். அவங்க மெஷினும் நீலம்தான், டிராக்டர் மாதிரி இருக்கும். பந்து பொறுக்கறதுல அதை அடிச்சுக்க ஆள் இல்லை, ஆனா கம்பி ஏறத் தெரியாது. அந்த நேரம் பார்த்து முதல் மைதானத்து நடுவர் படியில கால் தவறிக் கணுக்காலைச் சுளுக்கிக்கிட்டார். தலைமை நடுவர் எங்க ரெண்டு டீமையும் கூப்பிட்டு, காலியா இருக்கிற நடுவர் நீ ஒருத்திதான்னு சொல்லி, சம்மதமான்னு கேட்டார். நீலச்சட்டைக் கேப்டன் யோசிச்சா, அப்புறம் சரின்னா. நாங்க யோசிக்கவே இல்லை.

கடைசி நேரத்துல டிராக்டர் ஏற முயற்சி பண்ணிச்சு. அது வரைக்கும் ஏறாத மெஷின், அன்னைக்குப் பார்த்துப் பாதி ஏறிச்சு. ஓணான் பக்கத்துல ஏறித் தொங்கிச்சு. மணி அடிச்சாங்க. நாங்க ஜெயிச்சுட்டோம்னு ப்ரேக் என்னைத் தூக்கிட்டான். இறக்கிவிட்டப்போ உன் கையில சிவப்புக் கொடி.

தொங்கற நேரத்துல எதிராளி மெஷினைத் தொட்டா தொங்கின பாயிண்ட் எல்லாம் அவங்களுக்கு. விதி எனக்கும் தெரியும். ஆனா ஓணான் தொடல. நான் அங்கதான் நின்னேன். கேமராவுலயும் தூண் மறைக்குது. வேற யாருமே பார்க்கல, நீ மட்டும் பார்த்தியா?

எனக்கு என்ன தோணுது தெரியுமா? தங்கச்சிக்குச் சாதகம் பண்ணினான்னு யாரும் சொல்லிடக் கூடாதுன்னு பயந்து கொடியைத் தூக்கிட்டே. மத்த பிள்ளைங்களோட அப்பா அம்மாக்களும் அதேதான் சொல்றாங்க. புகார் எழுதியிருக்காங்க. கேப்டன் கையெழுத்து வேணும்னாங்க. போட்டுட்டேன்.

வாலு


அக்டோபர் 29

தங்கைக்கு,

புகார் வந்து சேர்ந்தது. உன் கையெழுத்தைப் பார்த்தேன். வளர்ந்திருக்கிறது.

நான் பார்த்தது இது. டிராக்டர் கம்பியைப் பிடித்துப் பாதி உயரத்துக்கு எழும்பியிருந்தது. ஓணான் ஏறும்போது அதன் உடல் இடப்பக்கம் ஊசலாடியது. கொக்கியின் பின்பக்கம் டிராக்டரின் முன் தகட்டில் இடித்தது. டிராக்டர் நழுவியது. நீ நின்ற பக்கத்திலிருந்து அது தெரிந்திருக்காது, தூணுக்கு இந்தப் பக்கம் நான் ஒருத்திதான் இருந்தேன்.

பார்க்காததுபோல இருந்திருக்கலாம். அந்த எண்ணம் வரவில்லை என்று சொன்னால் பொய். உன்னை அந்தப் பையன் தூக்கிச் சுற்றுவதைப் பார்த்தேன். கொடி ஒரு முழத் துணியும் குச்சியும்தான், ஆனால் அன்றைக்குக் கனத்தது.

பயந்து தூக்கினேன் என்கிறாய். எனக்குப் பயம் இருந்தது. அது கொடியைத் தூக்காமல் இருந்துவிடுவேனோ என்ற பயம்.

போட்டிக் குழு என்னை அழைத்து விசாரித்தது. மரியாதையாகத்தான் பேசினார்கள். அக்கா சொல்வது ஒன்று, தங்கை சொல்வது ஒன்று, சாட்சி யாரும் இல்லை, அதனால் வம்பே வேண்டாம், மறு ஆட்டம் வைத்துவிடலாம் என்று பேச்சு. அடுத்த சனிக்கிழமை முடிவு சொல்வார்கள். என் பெயரை நடுவர் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள் போலிருக்கிறது.

மறு ஆட்டம் கிடைத்தால் நன்றாக விளையாடு. இதை மனதாரத்தான் எழுதுகிறேன்.

அக்கா


நவம்பர் 4

அக்கா,

இந்தக் கடிதம் உன் கைக்கு வர்றதுக்குள்ள உனக்கு விஷயம் தெரிஞ்சிருக்கும். இருந்தாலும் நானே சொல்லணும்.

உன் கடிதம் வந்த அன்னைக்குப் படிச்சேன். நம்பல. கோபமா ஸ்கூலுக்குப் போனேன். மறு ஆட்டத்துக்கு ஓணானைத் தயார் பண்ணணும்னு மூணு பேரும் உட்கார்ந்திருந்தோம். முதல் வேலையா பழைய ரப்பரைப் பிரிச்சேன். பிரிச்சுட்டு கொக்கியைத் திருப்பிப் பார்த்தா, பின்பக்கம், நகம் அளவுக்கு நீலப் பெயிண்ட்.

அரையிறுதிக்குக் கிளம்பும்போதுதான் கொக்கியை முழுசா துடைச்சுப் புது ரப்பர் போட்டேன். என் கையாலதான் துடைச்சேன். ஆட்டம் முழுக்க ரெண்டு மெஷினும் ஆளுக்கொரு மூலையில பந்து பொறுக்கிச்சு. பக்கத்துல வந்தது கம்பியில மட்டும்தான். அப்போ அந்தப் பெயிண்ட் வேற எங்கே இருந்து வரும்?

நான் காட்டினேன். ரெண்டு பேரும் பார்த்தாங்க. முணுமுணு முணுமுணுக்கறதை நிறுத்திட்டா. ப்ரேக் மேஜையில இருந்த துணியை எடுத்து என் பக்கம் நகர்த்தினான். "துடைச்சிடு. யாருக்கும் தெரியாது"ன்னான். கெட்ட எண்ணத்துல சொல்லல அக்கா. மூணு மாசமா அவன் சாயங்காலம் எங்கேயும் விளையாடப் போகல.

துணியைக் கையில எடுத்தேன், மடிச்சுத் திரும்ப மேஜை மேல வெச்சேன். அப்புறம் சொன்னேன், "துடைச்சா பெயிண்ட் போயிடும். நான் பார்த்தது போகுமா?"

ப்ரேக் எழுந்து வெளியே போனான். கோவிச்சுக்கிட்டுப் போறான்னு நினைச்சேன். டீச்சரைக் கூட்டிக்கிட்டு வந்தான்.

மறுநாள் குழு ஆபீஸுக்குப் போனோம், கொக்கியைப் பையில போட்டுக்கிட்டு. நீலச்சட்டைக் கேப்டனையும் வரச்சொல்லியிருந்தாங்க. நான் கொக்கியை மேஜை மேல வெச்சு, "நடுவர் சொன்னதுதான் நிஜம். புகாரை வாபஸ் வாங்கிக்கறோம்"னு சொன்னேன். என் குரல் ஆட்டுக்குட்டி மாதிரி வந்துச்சு. தலைமை நடுவர் கொக்கியைத் தூக்கி வெளிச்சத்துல பார்த்துட்டு, இப்படி வாபஸ் வாங்கினா மறு ஆட்டம் கிடையாது, புரியுதான்னு கேட்டார். புரியுதுன்னேன்.

புகார் எழுதின அப்பா அம்மாக்கள்ல ரெண்டு பேர் இன்னும் என்னோட பேசறதில்லை. ப்ரேக்கோட அம்மா மட்டும் வழியில நிறுத்தி, தோள்ல கை வெச்சிட்டுப் போனாங்க.

உன்மேல நம்பிக்கை வெச்சிருக்கணும். பெயிண்ட் பார்த்து நம்பினது எனக்கே பிடிக்கல.

வாலு


நவம்பர் 11

வாலுக்கு,

தலைமை நடுவர் போன் செய்தார். பட்டியலில் என் பெயர் அப்படியே இருக்கிறது. "உன் தங்கை கொக்கியோடு வந்தாள்" என்று மட்டும் சொன்னார். மீதியை உன் கடிதத்தில்தான் படித்தேன். பட்டறை வகுப்பில் நின்றுகொண்டு படித்தேன். இரும்புத்தூள் கண்ணில் விழுந்துவிட்டது என்று சார் நினைத்துக் கழுவி வரச் சொன்னார்.

பெயிண்ட் பார்த்து நம்பியது பிடிக்கவில்லை என்கிறாய். எனக்குப் பிடித்திருக்கிறது. அக்கா சொன்னாள் என்பதற்காகத் தலையாட்டியிருந்தால் நீ எனக்காகச் செய்ததாக இருந்திருக்கும். இப்போது நீ பார்த்ததைச் சொன்னாய். நானும் அவ்வளவுதான் செய்தேன்.

எனக்கும் ஒரு தவறு. சம்மதமா என்று கேட்டபோது நானே மறுத்திருக்க வேண்டும். எந்த நடுவரும் தங்கையின் ஆட்டத்தில் நிற்கக் கூடாது. குழுவிடமும் அதைச் சொல்லிவிட்டேன், இனிமேல் அதை விதியாகவே எழுதப் போகிறார்களாம்.

ஓணானைக் கழற்றிவிடாதே. நீலச்சட்டைக்காரர்கள் டிசம்பரில் மாநிலச் சுற்றுக்குப் போகிறார்கள் இல்லையா, அங்கே டீம்கள் ஜோடி ஜோடியாக ஆடும், ஜெயித்த டீம் தன்னோடு ஒரு கூட்டாளி டீமைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று விதி. யாரை எடுப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் நடுவர் சொல்லக் கூடாது.

அக்கா


நவம்பர் 16

அக்கா,

நீலச்சட்டைக் கேப்டன் நேத்து எங்க ஸ்கூலுக்கே வந்துட்டா. பஸ்ல, தனியா. நாங்க கொக்கியோட போனதைப் பாராட்டத்தான் வந்திருக்கான்னு டீச்சர் நாற்காலி எடுத்துப் போட்டாங்க. அவ உட்காரல. நேரா ஓணான்கிட்ட போய்க் குனிஞ்சு பார்த்தா. "எங்க டிராக்டர் பந்து பொறுக்கும், ஏறாது. உங்களுது ஏறும், பந்து பொறுக்கறதுல சுமார்தான். சேர்ந்து வர்றீங்களா?"ன்னு கேட்டா.

சுமார்ன்னதுக்கு ப்ரேக்குக்குக் கோபம். சேர்ந்து வர்றீங்களாங்கிறது அவன் காதுல ரெண்டு நிமிஷம் கழிச்சுத்தான் விழுந்துச்சு. அப்புறம் அவனைப் பிடிக்க முடியல.

நான் அவகிட்ட தனியா கேட்டேன், புகார் கொடுத்தவங்களை எப்படிக் கூப்பிடத் தோணிச்சுன்னு. தோளைக் குலுக்கினா. "கம்பியில என் பக்கத்துல தொங்கப் போறது யாருன்னு எனக்குத் தெரியணும். தெரிஞ்சுது"ன்னா.

வாலு


டிசம்பர் 14

அக்கா,

நீ அவசரமா ரயிலைப் பிடிக்க ஓடிட்டே. எங்க ஆட்டம்கிறதால நீ இந்தத் தடவை நடுவரா நிக்கல, பார்வையாளர் வரிசையில இருந்து உனக்குத் தெரியாத பாதிக் கதையை இப்போ சொல்றேன்.

முதல் ஆட்டம் தோத்தோம். ப்ரேக்கும் டிராக்டரை ஓட்டறவனும் ஒரே பந்துக்குப் போய் நம்ம ரெண்டு மெஷினும் மோதிக்கிச்சு. ரெண்டாவது ஆட்டத்துக்கு முன்னாடி முணுமுணு ரெண்டு பேரையும் சுவரோரமா நிக்க வெச்சுத் திட்டினா. வாயைத் திறந்து, சத்தமா, முழு வாக்கியமா. நாங்க அசந்து போயிட்டோம். அதுக்கப்புறம் ஒழுங்கா ஆடினாங்க.

டிராக்டரை ஏத்தறதுக்கு வழி கண்டுபிடிச்சது நீலச்சட்டைக் கேப்டனும் நானும். ஓணான் முதல்ல ஏறும். இதுக்குன்னே மாட்டின ரெண்டாவது கையைக் கீழே டிராக்டர்கிட்ட நீட்டும். டிராக்டர் அதைப் பிடிச்சு ஏறும். பிராக்டிஸ்ல அஞ்சு தடவை முயற்சி பண்ணி ஒரு தடவை கூட நடக்கல. மூணாவது இடத்துக்கான ஆட்டத்துல, எல்லாரும் பார்க்கறப்போ, நடந்துச்சு. ஒரே கம்பியில ஓணான், ஓணான் கையில டிராக்டர். ரெண்டும் ஆடிச்சு. கம்பி முனகிச்சு. அந்தப் போட்டியில வேற யாரும் ரெண்டு மெஷினைத் தொங்கவிடல. மணி அடிச்சாங்க. மூணாவது இடம் நமக்கு.

அப்போதான் ஒரு மீசைக்கார நடுவர் மைதானத்தைச் சுத்தி எங்ககிட்ட வந்தார். கொக்கி எங்கேயாவது பட்டுடுச்சோன்னு ரெண்டு மெஷினையும் பார்த்தேன். அவர் மெஷினைப் பார்க்கவே இல்லை. மேல கையைக் காட்டினார்.

"அங்கே நாற்காலி மேல ஏறி நின்னு கத்திக்கிட்டு இருக்கிற பொண்ணு உங்க டீமைச் சேர்ந்தவளா? மூணு தடவை உட்காரச் சொல்லியாச்சு. மணிச் சத்தமே கேக்கல. இன்னொரு தடவை கத்தினா வெளியே அனுப்பிடுவேன்."

திரும்பிப் பார்த்தேன். அம்மா உன் சட்டையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு இருந்தாங்க. நீ குதிச்சுக்கிட்டு இருந்தே.

"எங்க அக்கா சார்"னு சொன்னேன். சொல்லிட்டு நிமிர்ந்து நின்னேன். "அவங்களும் நடுவர்தான். ரொம்பக் கறாரானவங்க."

வாலு